ஆறு விநாடி மூச்சு

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் எல்லாருக்கும் முதல் வாரம் ஒரே வேலைதான் கொடுப்பார்கள். புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்க ஒரு டெவலப்மென்ட் போர்டு, மிளகு அளவுக்கு ஒரு டிஜிட்டல் மைக், ஒரு ஹெட்போன். மைக்கில் பேசினால் ஹெட்போனில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் திடீரென்று உங்கள் குரல் உங்கள் காதிலேயே வந்து விழும். அப்போது எல்லாரும் ஒரே மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். நானும் சிரித்தவள்தான்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இந்த மாதிரி கேட்டால் பெரியவர்கள் தாங்கள் ஜெயித்த கதையைத்தான் எழுதுவார்கள். படிக்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். நான் செய்த தப்பு ஒன்றை எழுதுகிறேன், கொட்டாவி வராது. புரோகிராமில் ஒரே ஒரு சோதனையை எடுத்துவிட்டதுதான் தப்பு. மறதியில் நடந்ததல்ல, தெரிந்தே எடுத்தேன். எடுத்த அன்றைக்கு எனக்குப் பாராட்டு வேறு கிடைத்தது.

கம்பெனி அப்போது திருவொற்றியூரில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஒருநாள் படியேறி இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் காத்திவாக்கத்துக்காரர்கள். கடலில் மீன்பாடு குறைந்த மாதங்களில் தொட்டி கழுவும் வேலைக்குப் போகிறவர்கள். மூத்தவர் தேசிங்கு, நாற்பது வயது இருக்கும். கூட வந்தவன் அவர் மனைவியின் தம்பி ஏழுமலை. மணலிப் பக்கம் தாவர எண்ணெய் இறக்கி வைக்கும் தொட்டிகள் இருக்கின்றன அல்லவா, மூன்று மாடி உயரத்துக்கு? எண்ணெய் காலியானதும் அடியில் கசடு தங்கிவிடும். தரையோடு ஒட்டினாற்போல் ஆள் நுழையும் ஓட்டை ஒன்று இருக்கும். அதன் வழியாகத் தவழ்ந்து போய் அந்தக் கசடைச் சுரண்டி எடுப்பது தேசிங்கின் வேலை. இடுப்பு பெல்ட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனை வெளியே ஏழுமலையின் கையில் இருக்கும்.

அந்த முனையை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். கடலடியில் நங்கூரம் சிக்கிக்கொண்டால் முழுகி எடுக்கப் போகிறவனுக்குக் கயிறு பிடிப்பது அவர்கள் வழக்கப்படி மச்சான்தான். அண்ணன் தம்பிகூடக் கிடையாது. கூடப்பிறந்தவள் தாலிக்குப் பயந்தவன் கையில் இருந்தால்தான் கயிறு நிற்கும் என்பார்கள். கடல் வழக்கத்தை அப்படியே தொட்டிக்கும் கொண்டுவந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஏழுமலை கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு சுண்டு வரும். வராவிட்டால் இழுக்க வேண்டும்.

"இப்ப இன்னா பேஜாருன்னா," என்றான் ஏழுமலை, "புதுசா எடுத்துகீற தொட்டில அடியில ஸ்டீம் கொயாயி ஓடுதுக்கா. கவுறு அதுல போயி ஒரசிக்குது. நான் இங்க சுண்டுனா மாமாவுக்குத் தெரியல. அவரு சுண்டுனா எனக்குத் தெரியல. உள்ள இன்னா பண்றாருன்னு காதுல கேக்குற மாதிரி எதுனா ஒண்ணு பண்ணிக் குடு."

தேசிங்கு அதிகம் பேசாத ஆள். "கவுறு நல்லாத்தான் பேசும். ஆனா ஒரு வார்த்தைதான் பேசும்," என்று மட்டும் சொன்னார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. செய்து தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

செய்ததும் நன்றாகத்தான் வந்தது. ஹெல்மெட்டில் மைக். அங்கிருந்து கயிற்றோடு சேர்த்துக் கட்டிய ஒயர். ஒயரின் இந்த முனையில் ஏழுமலை கழுத்தில் மாட்டிக்கொள்ள டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதற்குள் போர்டு, அதிலிருந்து ஹெட்போன். இந்தப் பெட்டிக்குள் நடப்பதை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் இருக்காது. வட்டமான ஒரு கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மைக்கிலிருந்து வருவதை ஒருவன் எழுதிக்கொண்டே சுற்றுகிறான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே இன்னொருவன் அதைப் படித்து ஹெட்போனுக்குச் சொல்லிக்கொண்டே சுற்றுகிறான். படித்து முடித்ததை யாரும் அழிப்பதில்லை. அடுத்த சுற்றில் எழுதுகிறவன் வந்து அதன் மேலேயே எழுதிக்கொள்வான். ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி என்று வைத்தேன். ஏன் ஆறு என்று கேட்டால் பதில் இல்லை. போர்டில் இடம் தாராளமாக இருந்தது, வைத்தேன்.

எழுதுகிறவன் நடைக்குத் தாளம் போட மைக் பக்கம் ஒரு கிளாக், படிக்கிறவனுக்கு ஹெட்போன் பக்கம் ஒரு கிளாக். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், ஆனால் உலகத்தில் எந்த இரண்டு கிளாக்கும் அப்படி ஓடுவதில்லை. படிக்கிறவன் ஒரு மயிரிழை வேகமாக ஓடினான். அவ்வப்போது எழுதுகிறவன் மேல் போய் இடித்தான். இடித்தால் நில், சத்தத்தை நிறுத்து, அவன் முன்னே போகட்டும் என்று ஒரு சோதனை வைத்திருந்தேன். அப்படி நிற்கும்போதெல்லாம் ஹெட்போனில் 'டப்' என்று ஒரு அடி விழும்.

ஒரு வாரம் கழித்து ஏழுமலை வந்தான். "அக்கா, சோக்காத்தான் கேக்குது. ஆனா டப்பு டப்புன்னு மண்டையில கொட்டுற மாதிரி கீது. சாயங்காலம் வூட்டுக்குப் போனா தல வின்னு வின்னுன்னு தெறிக்குது."

இரண்டு கிளாக்கையும் ஒழுங்காக ஒத்துப்போக வைப்பதுதான் சரியான வைத்தியம். அதற்கு இரண்டு வாரம் ஆகும். எனக்கு வேறு வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சோதனையை எடுத்துவிட்டேன். படிக்கிறவன் பாட்டுக்கு ஓடட்டும், எழுதுகிறவனைத் தாண்டிப் போனால் போகட்டும், அப்போது கேட்பது ஆறு விநாடி பழசாக இருக்கும், அதனால் யார் குடி முழுகப் போகிறது என்று நினைத்தேன். டப் சத்தம் போய்விட்டது. மறுநாள் ஏழுமலை போன் செய்து, "இப்பதாங்க்கா பொட்டி பொட்டி மாதிரி கீது," என்றான். முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது ஏழுமலையிடம் ஒன்று சொன்னேன். "மூச்சு கேட்டா உன் மாமா நல்லா கீறாருன்னு அர்த்தம். கேக்கலன்னா அந்த நிமிஷமே இஸ்துடு. இதுக்கு நான் கியாரண்டி." கியாரண்டி என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அவனிடமிருந்து போன் வந்தது.

"இன்னா பொட்டிக்கா இது?"

"ஏன், என்ன ஆச்சு?"

"மாமா வெளிய வந்துட்டாரு. ஒயர கயட்டி வெச்சிட்டு என் எதிர்ல குந்திகினு மோரு குடிக்கிறாரு. உள்ள அவரு இருமுறது கேக்குதுக்கா."

"வேற யாராவது உள்ள இருப்பாங்க."

"யாரும் இல்ல. அது அவரு இருமலுதான். எனக்குத் தெரியாதா? அவரு இங்க மோரு குடிக்கிறாரு, உள்ள அவரே இருமிகினே கீறாரு."

நான் சிரித்தேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். "தொட்டி எம்மாம் பெருசு? எதிரொலி சுத்திகினு இருக்கும்டா," என்றேன். நிமிஷக்கணக்கில் சுற்றும் எதிரொலி எந்த ஊரில் இருக்கிறது? அந்த வார்த்தையை வாயில் வந்தபடி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். என்னிடம் ஒருவன் சாட்சி சொன்னான். அது நம்ப முடியாததாக இருந்ததால் அவனுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டினேன். உங்களிடமும் ஒருநாள் இப்படி ஒரு புகார் வரும். பயந்துபோனவன் சொல்வதில் விளக்கம் தப்பாக இருக்கலாம், அவன் காதில் விழுந்தது தப்பாக இருக்காது. இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். அந்தத் தொட்டியில் எப்போதோ ஒருவன் செத்துப்போனதாக ஒரு பேச்சு இருந்ததாம். ஓட்டைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். பெட்டியை அணைத்துப் போட்டதும் இருமல் நின்றுவிட்டது. கற்பூரம்தான் நிறுத்தியது என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் கிடையாது. அவர்களாவது ஏதோ ஒன்றைச் செய்தார்கள்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். இன்னொரு குழுவுக்காக அதே மாதிரி இரண்டாவது பெட்டி செய்திருந்தோம். கொடுத்துவிட்டு வரலாம், வேலை நடப்பதையும் ஒரு தடவை கண்ணால் பார்க்கலாம் என்று கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் பெருமைக்காகத்தான் போனேன். எண்ணெய்க் கிடங்குக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. அது போய் முடிந்ததும் கிடங்கு வாசலில் இறங்கி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, வாட்ச்மேன் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தொட்டிகளுக்கு நடுவே நடந்தேன். நல்ல வெயில். மணி பதினொன்று இருக்கும்.

கடைசித் தொட்டியின் நிழலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏழுமலை உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்போன், காலடியில் பெட்டி. ஓட்டைக்குப் பக்கத்தில் காற்றடிக்கும் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் கசடு மூட்டைகளை வண்டியில் ஏற்றினார்கள். ஏழுமலை கயிற்றை ஓட்டையோரத்துக் கைப்பிடிக் கம்பியில் கட்டிப் போட்டிருந்தான். அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காது இருக்கும்போது கை எதற்கு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே.

"வாக்கா! கேட்டுப் பாரு, எப்டி கீதுன்னு," என்று ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினான்.

பிரமாதமாகக் கேட்டது. மூக்கில் கட்டிய துணி வழியாகப் போய் வரும் மூச்சு. மண்வெட்டி இரும்பில் ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. மூச்சு. தூரத்தில் ஹாரன் தேயும் சத்தம், இரும்புச் சுவருக்குள் அது முனகல் மாதிரி கேட்டது. கடைசியாக, பேச வாயெடுக்கிறவன் இழுப்பது போல ஒரு மூச்சு உள்ளே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் கையால் செய்தது என்று நெஞ்சு நிறைந்தது. திரும்பவும் மூச்சு, இழுப்பு, இன்னொரு இழுப்பு, மூச்சு, ஹாரன், உள்ளே போகும் மூச்சு.

மூன்றாவது முறை ஹாரன் கேட்டபோது இன்னொரு வண்டி வருகிறது போலிருக்கிறது என்று நினைத்து ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கினேன். வெளியே ஃபேன் இரைச்சல் மட்டும்தான். எந்த வண்டியும் இல்லை. திரும்ப மாட்டினேன். ஹாரன் தேய்ந்தது. பேச வாயெடுக்கும் அந்த மூச்சு உள்ளே போயிற்று. வார்த்தை வரவில்லை.

"ஏழுமலை, கூட்ஸ் வண்டி எப்ப போச்சு?"

"அது அப்பவே பூட்ச்சேக்கா. நீ கேட்டாண்ட நின்னுகினு இருந்திருப்ப."

நான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது என்னை ரயில்வே கேட்டில் நிறுத்திய அதே வண்டி. அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்டு, வாட்ச்மேனோடு பேசி, இவ்வளவு தூரம் நடந்தும் வந்துவிட்டேன். உள்ளே அந்த வண்டி இன்னும் போய்க்கொண்டே இருந்தது. தேசிங்கு அதே மூச்சை விட்டுக்கொண்டே இருந்தார்.

எழுதுகிறவன் நின்றுபோய்விட்டான். ஒயர் எங்கோ அறுந்து மைக் பக்கத்துக் கிளாக் செத்துவிட்டது. படிக்கிறவனை நிறுத்த யாரும் இல்லை. அவன் கடைசி ஆறு விநாடியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு சுற்றுகிறான். அன்றைக்கு மோர் குடித்த தேசிங்கின் இருமல் எங்கிருந்து வந்தது என்பதும் அதே நொடியில் தெரிந்துவிட்டது. அன்று அவர் கையால் ஒயரைக் கழற்றியிருந்தார். இன்று கழற்றியது யார்?

"கயிற்ற இழு!" என்று ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

"ஏங்க்கா? மூச்சு கீதே?"

"அது பழைய மூச்சுடா. இழு!"

அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. பாய்ந்து கயிற்றை அவிழ்த்து இழுத்தான். இரண்டு முழம் வந்தது, பிறகு இறுகிவிட்டது. மூட்டை ஏற்றியவர்களும் ஓடிவந்து பிடித்தார்கள். வரவில்லை. ஸ்டீம் குழாயில் மாட்டிக்கொண்டது. ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். தூரத்தில் அவருடைய விளக்கு தரையில் கிடந்து சுவரில் வெளிச்சம் அடித்தது. ஆள் தெரியவில்லை. புளித்த நாற்றம் ஒன்று முகத்தில் மோதியது. காலையில் வாயு சோதித்துச் சரியாக இருக்கிறது என்று சீட்டு எழுதியிருந்தார்கள். கசடைக் கிளறக் கிளற அடியிலிருந்து எது கிளம்பும் என்று அந்தச் சீட்டுக்குத் தெரியாது.

ஏழுமலை சட்டையைக் கழற்றி முகத்தில் சுற்றினான். "நவுருக்கா."

"போகாத."

"நவுருன்றேன்!"

இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். தொட்டியில் ஒருவன் விழுந்தால் அவனை எடுக்கப் போகிறவன் இரண்டாவதாக விழுவான், அவனை எடுக்கப் போகிறவன் மூன்றாவது. இது அவனுக்கும் தெரியும். தெரிந்தவன் நிற்க மாட்டான், ஏனென்றால் உள்ளே கிடப்பது அவன் அக்காளின் புருஷன். தர்க்கம் பேச நேரமில்லை. நான் அந்த ஓட்டைக்குள் பின்பக்கத்தைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பெருத்த உடம்பு. வாழ்க்கையில் அது உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான். அவன் என் தோளைப் பிடித்து இழுத்தான். கெட்ட வார்த்தை சொன்னான். அழுதான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

"ஏழுமலை, பாறையில வல மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"இன்னா பேசுற நீ, மாமா உள்ள..."

"கேட்டதுக்கு பதில் சொல்லு. இழுப்பியா?"

அவன் நின்றான். மூச்சு வாங்கியது. "இஸ்தா கியிஞ்சிடும். தளர வுட்டு அலையாட்டம் வீசுவேன். எதிர்ப்பக்கம்."

"அத்த செய்."

கயிற்றை வாங்கினான். நான் எழுந்து பக்கவாட்டில் ஒதுங்கினேன். இப்போது அவன் உள்ளே பாயவில்லை, கைக்கு வேலை வந்துவிட்டது. கயிற்றை முழுக்கத் தளர்த்தி, குனிந்து, இடப்பக்கமாக ஒரு வீசு வீசினான். கயிறு தரையோடு நெளிந்து போனது உள்ளே கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வீசு. மூன்றாவது வீச்சில் எங்கோ இரும்பில் தட்டி விடுபட்டது. "இஸ்துகோ!" என்று அலறினான். நான்கு பேரும் இழுத்தோம். கனமாக, வழுக்கிக்கொண்டு வந்தது. முதலில் ஹெல்மெட் தெரிந்தது. அதன் பக்கவாட்டில் ஒயர் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. விழுந்த வேகத்தில் அறுந்திருக்க வேண்டும்.

நிழலில் மல்லாத்திப் படுக்கவைத்தோம். உடம்பெல்லாம் எண்ணெய்க் கசடு. மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பு அசையவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஒருவன் கிடங்கு வாசலுக்கு ஓடினான்.

ஏழுமலை அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். தரையில் பெட்டியோடு கிடந்த ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"கீதுக்கா," என்றான். "மூச்சு கீது. கேட்டுப் பாரு. வுடுறாரு."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படிப் பயந்ததில்லை. எங்கள் காலடியில் அந்த மனிதர் மூச்சில்லாமல் கிடக்கிறார். அவன் காதில் அவர் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு, மண்வெட்டியை இழுத்து இழுத்து வேலை செய்துகொண்டிருக்கிறார். ஏழுமலை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டுகிறான். ஹெட்போனுக்கு வெளியே கசிந்து எனக்கும் மெலிதாகக் கேட்டது. பேச வாயெடுக்கும் அந்த மூச்சு உள்ளே போயிற்று.

பெட்டியின் பேட்டரி ஒயரில் கை வைத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்தாதக்கா. நிறுத்துனா நின்னுடும்."

நான் பொறியியல் படித்தவள். என்ன ஓடுகிறது, எங்கிருந்து வருகிறது என்று எல்லாம் தெரிந்தவள். அப்படியும் ஒரு கணம் என் கை நின்றது. அவன் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நினைத்தேன்.

பிடுங்கினேன்.

அவன் கண்ணைத் திறந்தான். காதில் ஒன்றும் இல்லாமல் போனதும்தான் கீழே கிடந்தவரைப் பார்த்தான். "கடல்ல முங்குனவனுக்கு இன்னா பண்ணுவியோ அத்த பண்ணு," என்றேன். ஹெட்போனைத் தூக்கி எறிந்துவிட்டு மார்பில் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தான். வாயில் வாய் வைத்து ஊதினான். அழுத்தினான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை எங்கோ தப்பிவிட்டது. திடீரென்று தேசிங்கின் தொண்டையில் கரகரவென்று ஏதோ புரண்டது. பிறகு ஒரு இருமல். அந்த இருமலைக் கேட்டு ஏழுமலை தரையில் விழுந்து அழுதான்.

அன்று சாயங்காலமே அலுவலகத்துக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே போயிருந்த பெட்டிகளைத் திரும்ப வாங்கினோம். எடுத்த சோதனையைத் திரும்ப வைத்தேன். மைக் பக்கம் கிளாக் நின்றால் காது கிழியும்படி அலாரம் அடிக்கும்படி செய்தேன். இரண்டு கிளாக்கையும் ஒத்துப்போக வைத்தேன். இரண்டு வாரம் ஆகும் என்று தள்ளிப்போட்ட அந்த வேலை பத்து நாளில் முடிந்துவிட்டது. பெட்டி இருந்தாலும் கயிறு கையில்தான் இருக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டினோம். கேட்கிறவனுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று இல்லாத சத்தத்தை இட்டு நிரப்பாதீர்கள். உங்கள் கருவிக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அது வாய்விட்டுச் சொல்லட்டும். காது வலித்தால் வலிக்கட்டும். ஏழுமலைக்குத் தலைவலியோடு போயிருக்க வேண்டிய விஷயம் அது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேசிங்கு தூங்கிக்கொண்டிருந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் பேச்சு வரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுப்பார், மூச்சு உள்ளே போகும், அதோடு நின்றுவிடும் என்று நர்ஸ் சொன்னாள். போகப் போகச் சரியாகலாம் என்றாள். வராந்தாவில் பெஞ்சில் அவர் மனைவி கன்னியம்மா ஒரு பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எரணாவூர்ப் பக்கம் இறால் விற்கிறவள். நான் யார் என்று சொன்னேன். என் தப்பு முழுவதையும் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைக் கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"என் தம்பி சொல்றான், இவுரு மூச்சில்லாம கீய கெடக்குறாரு, பொட்டி மட்டும் மூச்சு வுட்டுகினு இருந்துச்சின்னு. மெய்யாவாக்கா?"

"மெய்தான்."

"யாரு மூச்சு அது?"

"அவரோடதுதான்மா. விழறதுக்கு முன்னாடி விட்டது. பொட்டி அத்த புடிச்சி வெச்சுக்கிச்சு. நான்தான் அப்படிப் பண்ணி வெச்சிருந்தேன். தப்பு என் மேலதான்."

பிளாஸ்கின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"நீ ஒயர புடுங்குன அப்பாலதான் இவருக்கு மூச்சு வந்துச்சாமே?"

"ஆமா."

"அப்ப திருப்பிக் குடுத்துட்ட."

கிளாக் என்று சொல்வதா, கரும்பலகை என்று சொல்வதா? அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"முச்சூடும் குடுத்துட்டியாக்கா? உள்ள எதுனா மிச்சம் கீதா?"

மிச்சம் ஒன்றும் இல்லை, பேட்டரியைப் பிடுங்கியதும் எல்லாம் அழிந்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. என் தோளில் தொங்கிய பையையே பார்த்தாள். நடந்ததை விளக்கிக் காட்டலாம் என்று எடுத்துவந்த அந்தப் பெட்டி பையில் இருந்தது. எடுத்து அவளிடம் கொடுத்தேன். பேட்டரி இல்லாத பெட்டி. ஹெட்போனைக் காதில் மாட்டி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, பார்வையாளர் நேரம் முடியும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.